ஹீலியம் தீர்ந்த பிறகு

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்கள் மாலையானதும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். மேகம் கவிந்திருந்தால் கவலை இல்லை. வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும். விடியும்போது பள்ளத்துச் செடிகள் வெள்ளை பூத்துக் கிடக்கும், அடுத்த சில நாட்களில் கொழுந்தெல்லாம் கருகிப்போகும். ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் விழுகிற அளவுக்குக் கோத்தகிரியில் உறைபனி விழுவதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான். வெளியிலிருந்து குளிர் வந்து இறங்குவதாக நமக்குத் தோன்றுகிறது. நடப்பது அதற்கு நேர்மாறு. பகலில் சூடேறிய மண்ணும் இலையும் இரவு முழுக்க ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில். உறைநிலைக்கு அருகில் இருக்கும் ஒரு பொருள் மிகுதியாக வெளியிடும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 10 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போல இருபது மடங்கு நீளம். காற்றில் ஈரமும் மேலே மேகமும் இருந்தால் அந்த ஒளியை விழுங்கி ஒரு பங்கைத் திருப்பித் தரையிடமே அனுப்பிவிடும். ஈரம் குறைந்த தெளிந்த இரவில் தடுப்பார் யாருமில்லை; இலையின் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது.

உறைபனியைத் தடுக்கும் அதே ஈரம்தான் அகச்சிவப்பு வானியலுக்கு முதல் எதிரி. வெப்பத்தை மேலே போகவிடாத நீராவி, விண்மீன்களிலிருந்து வரும் அகச்சிவப்பையும் கீழே வரவிடாது. இரண்டு பருவமழையும் நனைக்கும், பாதி நாள் மஞ்சு மூடிக்கிடக்கும் ஒரு மலையூர் இந்த வேலைக்கு எவ்வளவு பொருந்தாதது என்று சொல்லத் தேவையில்லை. தெளிந்த இரவு வாய்த்தாலும் பயன் சொற்பம். வளிமண்டலமே 10 மைக்ரானில் ஒளிர்கிறது, தொலைநோக்கியின் ஆடியும் குழாயும் ஒளிர்கின்றன, அருகில் நிற்கிற ஆளும் ஒளிர்கிறார். விளக்குகளால் செய்த தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நண்பகலில் விண்மீன் தேடுவதற்கு ஒப்பானது அது. கோத்தகிரியிலிருந்து முப்பது கிலோமீட்டரில் ஊட்டி. அதையடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. அந்த மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையான சுமார் 11 டிகிரிக்கு ஒத்திருப்பதால், சரிவோடு படுத்திருக்கும் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. கருவியை ஒரே அச்சில் உருட்டினால் போதும், எழுந்து மறையும் வரை ஒரு வான்பொருளைத் தொடரலாம். அதற்கு மஞ்சு பொருட்டே இல்லை, ரேடியோ அலை அதை ஊடுருவிவிடும். ஒரே மலை ஒரு வானியலுக்குத் தாய்வீடாகவும் இன்னொன்றுக்கு மூடிய கதவாகவும் இருக்கிறது. மூடிய அந்தக் கதவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோத்தகிரியிலிருந்து அகச்சிவப்பு வானத்தை ஆராய முடியும், அதுவும் இரண்டாந்தர ஆராய்ச்சியாக இல்லாமல் முதல்தரமாகவே முடியும் என்பது என் வாதம். வானத்தை நேரே பார்த்து அல்ல. முன்பே பார்த்துப் பதிவுசெய்யப்பட்ட வானத்தைத் திறந்து பார்த்து.

ஏன் பழைய பதிவுகளை நம்ப வேண்டும்? அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் ஆயுள்கணக்கே அதற்கு விடை. காற்றுக்கு மேலே போனால் மட்டும் போதாது, கருவி தன் சூட்டால் தானே ஒளிராமல் இருக்க அதைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். 1983 ஜனவரியில் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து ஏவிய ஐராஸ், திரவ ஹீலியத்தைச் சுமந்துகொண்டு போனது. 57 சென்டிமீட்டர் ஆடி. 12, 25, 60, 100 மைக்ரான் என நான்கு அலைவரிசைகள். ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தீர்ந்தது, நவம்பரில் தொலைநோக்கி குருடானது. மொத்த வாழ்வு பத்து மாதம். 2003இல் போன ஸ்பிட்சரின் ஹீலியம் 2009 மே மாதம் தீர்ந்தது. அதன்பின் இரண்டு குறுகிய அலைவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை தள்ளியது. 2009 டிசம்பரில் ஏவிய வைஸ் உறைந்த ஹைட்ரஜனைக் கொண்டுபோனது. ஓராண்டுகூட ஆகவில்லை, அது தீர்ந்துவிட்டது. 2011இல் உறங்கவைத்து, 2013இல் எழுப்பி, நியோவைஸ் என்ற பெயரில் பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைத் தேட விட்டார்கள். 2024 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், நவம்பரில் அது வளிமண்டலத்தில் எரிந்துபோனது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்கும் ஹபிள்போல முப்பதாண்டு தாண்டி உழைத்த கருவி இந்தத் துறையில் இல்லை. பனிக்கட்டி உருகுவதற்குள் மீனை விற்றாக வேண்டிய வியாபாரம்போல, குளிர் தீர்வதற்குள் வானம் முழுவதையும் வாரிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆர அமர ஆராய்வது அப்புறம். ஆகவே அகச்சிவப்பு வானியலில் தரவுக் காப்பகத்தை வேலை முடிந்தபின் கணக்கேட்டைக் கட்டிவைக்கும் கிடங்காக நினைப்பது தவறு. பத்து மாதக் கண் போனபின் எஞ்சியிருக்கும் தொலைநோக்கியே அதுதான்.

எஞ்சியது சக்கையாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், தொலைநோக்கி தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதிக்கொண்டு வந்திருந்தால். அது கேள்விகளைப் பதிவதில்லை, தன் முன்னால் வந்த ஒளியைப் பதிகிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பழைய கதை ஒன்று உதவும். 1795 மே மாதம் பாரிஸில் வானியலாளர் லலாந்தின் ஆய்வகத்தில் ஒரு விண்மீனின் இடத்தை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை குறித்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை, அளவீட்டுப் பிழை என்று சந்தேகக்குறி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அது விண்மீனே அல்ல, நெப்டியூன். கோள் கண்டுபிடிக்கப்பட்டது 1846இல். ஏட்டில் ஐம்பது ஆண்டாகக் கிடந்த அந்தப் 'பிழை', பின்னர் நெப்டியூனின் பாதையைக் கணிக்க மிக உதவியாக இருந்தது. தரவு இருந்தது, 'இது நகர்கிறதா' என்ற கேள்விதான் இல்லாமல் இருந்தது.

வைஸின் கதையும் இதே அச்சுதான். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் ஒரு சுற்று வந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தின் படங்களை ஆறு மாதம் விட்டு ஆறு மாதம் அடுக்கிப் பார்த்தால், தொலைவிலிருக்கும் விண்மீன்கள் அசையாமல் நிற்க, நமக்குப் பக்கத்திலிருப்பவை மட்டும் இடம் பெயர்ந்திருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் லூமன் இந்தத் தேடலை நடத்தி, 2013இல் 6.5 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத பொருள்) இரட்டையை அறிவித்தார். சூரியனுக்கு இவ்வளவு அருகில் ஒரு புதிய தொகுதி தென்படுவது 1916இல் பர்னார்டின் விண்மீனுக்குப் பிறகு அதுவே முதல்முறை. வேடிக்கை என்னவென்றால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும், அதே பொருள் பல ஆண்டுகளுக்கு முந்தைய வேறு ஆய்வுகளின் படங்களிலும் இருப்பது தெரியவந்தது. எல்லோர் கையிலும் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டே லூமன் இன்னொன்றை அறிவித்தார். ஏறத்தாழ 7.4 ஒளியாண்டுத் தொலைவு. வெப்பநிலை, முதல் மதிப்பீட்டின்படி, மைனஸ் 48 முதல் மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். விண்மீனைப்போலத் தனியே திரிகிற ஒரு பொருள், அந்த மதிப்பீட்டின்படி தலைகுந்தாவின் உறைபனி விடியலைவிடக் குளிர்ந்தது. கண்ணால் பார்க்கும் ஒளியில் அது இல்லை என்றே சொல்லலாம். தன் சொற்ப வெப்பத்தின் அகச்சிவப்பில் மட்டும் அது இருக்கிறது, நம் தேயிலைச் செடி இரவில் ஒளிர்வதுபோல. வைஸின் பதிவுகளில் நிழலாடிய அதை உறுதிசெய்ய ஸ்பிட்சரை அதன் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ஐராஸின் பத்து மாதத்துக்கும் இப்படி ஒரு மறுபிறவி உண்டு. அது முடிந்து பதினைந்து ஆண்டு கழித்து, 1998இல் ஷ்லீகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் ஐராஸ் படங்களைக் கோபே செயற்கைக்கோளின் அளவீடுகளோடு சேர்த்துத் திருத்தி, நம் பால்வீதியின் தூசு எந்தத் திசையில் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று வானம் முழுமைக்கும் ஒரு வரைபடம் போட்டார்கள். தூர விண்மீன் திரள் ஒன்றின் பிரகாசத்தை அளக்கும் யாரும், இடையில் இருக்கும் தூசு அதை எவ்வளவு மங்கவைத்தது என்று கழித்தாக வேண்டும். அதற்கு இந்த வரைபடத்தைத்தான் எடுத்தார்கள். வானியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. ஐராஸை ஏவியவர்களில் யாரும் பதினைந்து ஆண்டுக்குப் பிந்தைய இந்தப் பயனுக்காக ஹீலியம் நிரப்பவில்லை.

காப்பகம் என்றால் உண்மையில் என்ன, அதற்குள் எப்படிப் போவது? நாசாவின் அகச்சிவப்புத் தரவுகளுக்குக் கலிபோர்னியாவின் பாசடீனாவில், கால்டெக் வளாகத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. ஐராஸின் தரவைப் பதப்படுத்த உண்டான அமைப்பு வளர்ந்து உருவானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவு பால்டிமோரில் இருக்கிறது. இரண்டையும் இணையத்தில் யாரும் திறக்கலாம், கட்டணம் இல்லை, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. ஒரு வான்பொருளின் பெயரையோ, வானத்தில் அதன் ஆயங்களையோ கொடுத்தால், அந்த இடத்தை எந்தெந்தக் கருவி எந்தெந்த நாளில் பார்த்தது என்று பட்டியல் வரும். கிடைப்பது ஒரே ரகமும் அல்ல. அடியில் கச்சாத் தரவு: உணரியின் ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த மின்னூட்டத்தின் எண்ணிக்கை, அதோடு அண்டக்கதிர் அடித்த வடுக்களும் செத்த புள்ளிகளும். அதற்கு மேல் இந்தக் குறைகளைக் கழித்து, எண்ணிக்கையை உண்மையான பிரகாசமாக மாற்றிய அளவுத்திருத்தம் செய்த படங்கள். அதற்கும் மேல் பல படங்களைத் தைத்த பெரும்படம். உச்சியில் அட்டவணை: எந்த இடத்தில் என்ன பொருள், எந்த அலைநீளத்தில் எவ்வளவு பிரகாசம், பிழை எவ்வளவு. வைஸின் ஒரு அட்டவணையில் மட்டும் 74.7 கோடி பொருள்கள் இருக்கின்றன. இவ்வளவையும் தரவிறக்க வேண்டியதில்லை. கேள்வியை அங்கே அனுப்பினால் விடை மட்டும் இங்கே வரும். சிறு வானத்துண்டின் படம் என்றால் சில மெகாபைட்டுகள். படங்களெல்லாம் ஃபிட்ஸ் என்ற ஒரே வடிவத்தில் இருக்கும். 1980களின் தொடக்கத்தில் வகுத்த இந்த வடிவம் இன்றும் வழக்கில் இருப்பதால்தான் ஐராஸின் படத்தையும் வெப்பின் படத்தையும் ஒரே மென்பொருளில் பக்கம் பக்கமாக வைக்க முடிகிறது. அலாடின், டாப்கேட் போன்ற அந்த மென்பொருள்களும் இலவசம். அட்டவணைகளை வரைபடமாக்கும் இத்தகைய கருவிகளை உருவாக்குவதில் புனேயின் ஐயூகா நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

அட்டவணையிடம் கேள்வி கேட்பது தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை மாற்றுவதற்குச் சமம். உலர்த்திய தேயிலை ஒன்றுதான். எந்தக் கண் சல்லடையில் சலிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தூளாகவும் குறுணையாகவும் பிரிகிறது. '4.6 மைக்ரானில் பிரகாசமாக, 3.4 மைக்ரானில் மங்கலாக இருப்பவை எவை' என்று சலித்தால் குளிர்ந்த பழுப்புக் குறுமீன்கள் வரும், மீத்தேன் 3.4 மைக்ரான் அருகே ஒளியை விழுங்குவதால். '22 மைக்ரானில் தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும் விண்மீன்கள் எவை' என்றால் சுற்றிலும் தூசு வட்டு கொண்டவை வரும். சல்லடையை வடிவமைப்பதற்கு இயற்பியல் வேண்டும். மலை உச்சி வேண்டாம்.

இதற்கு மிகச் சிறந்த அண்மைச் சான்று முத்தோரைக் கருவியை நடத்தும் அதே நிறுவனத்திலிருந்தே வந்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த, புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆய்வு மாணவி ராஷி ஜெயினும் அவருடைய வழிகாட்டி யோகேஷ் வடதேகரும் 2025 நவம்பரில் ஒரு விண்மீன் திரளை அறிவித்தார்கள். அளகநந்தா என்று பெயர் வைத்தார்கள். நம் பால்வீதிக்கு இந்தியில் வழங்கும் மந்தாகினி என்ற பெயரை ஒட்டி, அதன் உடன்பிறப்பு ஆற்றின் பெயர். இரண்டு தெளிவான சுருள் கரங்கள், சுமார் 30,000 ஒளியாண்டு விட்டம், ஆயிரம் கோடிச் சூரியன்களின் நிறை அளவுக்கு விண்மீன்கள். பால்வீதியைப் பார்த்துப் பழகியவருக்கு இதில் வியப்பு இல்லை. வியப்பு அதன் வயதில்: பிரபஞ்சம் பிறந்து ஏறக்குறைய 150 கோடி ஆண்டுதான் ஆகியிருந்தபோது அது இருந்த நிலை இது. சுருள் வட்டு உருவாக வாயு நிதானமாக வந்து சேர வேண்டும், சுழன்று தட்டையாக வேண்டும், அதில் அலைகள் எழுந்து கரங்களாக வேண்டும். இதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு பிடிக்கும், ஆதிகாலத் திரள்கள் உருவமற்றுக் கலங்கிக் கிடந்திருக்கும் என்பது நெடுங்கால எண்ணம். அளகநந்தா அந்த எண்ணத்தை இடிக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு நடந்த விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் வெப் தொலைநோக்கியின் நேரத்தைப் போட்டியிட்டு வாங்கவில்லை. ஏபெல் 2744 என்ற திரள்கொத்தை நோக்கி வேறு குழுக்கள் அன்கவர், மெகாசயன்ஸ் என்ற பெயர்களில் நடத்திய ஆய்வுகளின் தரவு பொதுவில் இருந்தது. அந்தக் கொத்தின் ஈர்ப்பு, தனக்குப் பின்னால் இருக்கும் பொருள்களின் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. அளகநந்தாவும் அந்த உருப்பெருக்கியின் வழியே ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாகத் தெரிந்தது. சுமார் 70,000 பொருள்களைச் சலித்தபோது அகப்பட்ட ஒன்று அது. பிரபஞ்சம் விரிந்ததால் அதன் ஒளி ஐந்து மடங்கு நீண்டிருக்கிறது. அரை மைக்ரானில் பச்சை ஒளியாகப் புறப்பட்டது 2.5 மைக்ரானில் அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. ஆகையால் கண்ணொளிக் கருவிக்குச் சுருள் கரங்கள் சரிவரத் தெரியாது. அந்தப் புலத்தை இருபதுக்கும் மேற்பட்ட வடிகட்டிகளில் எடுத்திருந்ததால் தூரத்தையும் விண்மீன்களின் நிறையையும் கணிக்க முடிந்தது. படம் எடுத்தவர்களுக்கும் இதே படம்தான் கிடைத்தது. 'இவ்வளவு ஆதியில் ஒழுங்கான சுருள் இருக்குமா' என்ற சல்லடையைப் போட்டது புனே.

'நல்லதெல்லாம் முதலில் வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள், காப்பகத்தில் மிச்சம் பொறுக்கலாம், அவ்வளவுதான்' என்ற ஆட்சேபம் இந்தச் சான்றுகளின் முன் நிற்காது. வைஸ் படமெடுக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டான பின், 2024இல் பாசடீனாவின் பள்ளி மாணவர் மத்தேயோ பாஸ், நியோவைஸ் பதிவுகளின் ஏறத்தாழ 20,000 கோடி வரிகளை இயந்திரக் கற்றலால் சலிக்கும் முறையை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்; அதில் பிரகாசம் மாறும் சுமார் 15 லட்சம் புதிய பொருள்களுக்கான தடயங்கள் அகப்பட்டன. அது சிறுகோள் தேடுவதற்காக எடுத்த தரவு. மாறும் விண்மீன்கள் அதன் நோக்கத்திலேயே இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காப்பகத்தில் இருப்பது வானம் அல்ல, ஒரு கருவி வானத்தைப் பார்த்த விதம். கருவியின் குறை வானத்தின் குணம்போல வேடம் போடும். 2024இல் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்தவர்கள் முன்னின்ற குழு 50 லட்சம் விண்மீன்களின் தரவைச் சலித்து, விளக்க முடியாத அளவுக்கு அகச்சிவப்பு கூடிய ஏழைத் தேர்ந்தெடுத்தது. முன்னேறிய நாகரிகம் ஏதேனும் தன் விண்மீனைச் சுற்றி ஆற்றல் சேகரிக்கும் கூடு கட்டியிருந்தால் இப்படித்தான் தெரியும் என்பது யோசனை. சில வாரங்களிலேயே வேறு சிலர் பார்த்தார்கள்: ஏழில் மூன்றுக்குப் பக்கத்தில் ரேடியோ மூலங்கள் இருந்தன. அநேகமாகப் பின்னால் வெகுதூரத்தில் தூசு மண்டிய விண்மீன் திரள்கள். வைஸின் 22 மைக்ரான் படத்தில் 12 விகலைக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலங்கிவிடும். விண்மீனின் வெப்பம் என்று நினைத்தது பின்னால் நிற்கிற வேறு யாருடையதோ. வெப்பின் தரவிலும் இது நேர்ந்தது. 2022 ஜூலையில் முதல் படங்கள் வெளியானவுடன் பலர் அவசரமாகத் தூரங்களைக் கணித்தார்கள். சில வாரத்தில் அளவுத்திருத்த எண்கள் மாறின, கணக்குகளைத் திருத்த வேண்டியதாயிற்று. 1983இன் ஐராஸ் பதிவையும் 2006இல் ஏவிய ஜப்பானின் அகாரி பதிவையும் ஒப்பிட்டு, 23 ஆண்டில் மெல்ல நகர்ந்த ஒன்றைத் தேடிய தைவான் ஆய்வாளர்கள் 2025இல் பதின்மூன்று சோடிகளிலிருந்து ஒன்றை மட்டும் நிறுத்தினார்கள். ஒன்பதாம் கோளாக இருக்கலாமா என்று உலகம் பரபரத்தது. இரண்டே இரண்டு புள்ளிகளை வைத்துப் பாதை போட முடியாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இதிலிருந்து காப்பகம் பயனற்றது என்ற முடிவுக்கு வருவது அவசரம். அந்த ஏழில் மூன்றைக் கலைத்தது எது? இன்னொரு காப்பகத்தின் ரேடியோ தரவு. பிழையைக் கண்டுபிடித்தவர்களும் புதிதாகத் தொலைநோக்கியைத் திருப்பவில்லை. தரவு பூட்டிக்கிடந்திருந்தால் அந்த ஏழும் நெடுநாள் ஏழாகவே இருந்திருக்கும். நேரில் வானத்தைப் பார்க்கும் வானியலாளருக்கும் கருவியின் வேடம் பொதுவானதே; அவருக்கு ஒரு வேடம் மட்டும் தெரியும், காப்பகத்தில் நான்கைந்து கருவிகளின் வேடத்தை ஒப்பிடலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளிர்ந்த குறுமீனுக்கு ஸ்பிட்சர் தேவைப்பட்டதுபோல, காப்பகம் எழுப்பும் ஐயம் சில வேளைகளில் புதிய பார்வையால்தான் தீரும்.

எனக்கு மிகவும் வலுவாகப் படும் ஆட்சேபம் வேறு. மத்தேயோ பாஸ் படித்த ஊர் பாசடீனா. காப்பகத்தை நடத்தும் அமைப்பின் வானியலாளர் ஒருவரே அவருக்கு வழிகாட்டி. அந்த நியோவைஸ் வரிகள் கோத்தகிரி மாணவிக்கும் அதே நொடியில் திறந்திருக்கின்றன என்பது உண்மை. கதவு திறந்திருப்பது வேறு, வீட்டுக்குள் யாரையாவது தெரிந்திருப்பது வேறு. எந்தப் பதிவுக்கு எச்சரிக்கைக் கொடி உண்டு, எந்தப் பிரகாசத்துக்கு மேல் உணரி நிரம்பி வழிந்து பொய் சொல்லும், எந்தப் புள்ளி அருகிலுள்ள பெரிய விண்மீனின் நிழல் என்பதெல்லாம் கையேட்டின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் ஒரு பக்கம்கூட எளிதில் கிடைக்காது. கணினியும் இணையமும் இல்லாத குறை இதைவிடச் சிறியது. கச்சாத் தரவு முழுவதற்கும் பெருங்கணினி வேண்டும் என்பது சரி, அட்டவணைக் கேள்விக்குச் சாதாரண மடிக்கணினி போதும். ஆளில்லாத குறைதான் பெரிது, அது நிரப்ப முடியாததும் அல்ல. ஆனந்த ஹோதா 2013இல் தொடங்கிய ராட்அட்ஹோம் என்ற முயற்சி, புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் பொதுத் தரவை வைத்து, இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு இணையத்திலும் முகாம்களிலும் படம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, விசித்திர ரேடியோ திரள்களைக் கண்டுபிடித்து ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறது. அகச்சிவப்புக்கு இப்படி ஒரு பட்டறையை நடத்த நீலகிரியின் கல்லூரி ஒன்றுக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. கையேட்டைப் படித்த ஒரு ஆசிரியர் தேவை.

அப்படியானால் சொந்தக் கருவிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும், அடுத்தவர் வானமே போதுமே என்று ஒரு கணக்கதிகாரி கேட்கலாம். கேட்பார். இந்தியா இதுவரை தனக்கென ஓர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியை ஏவியதில்லை. ஆனால் ஹைதராபாதிலிருந்து ராட்சத பலூனில் 1 மீட்டர் தொலைநோக்கியை ஏற்றி, காற்றின் பெரும்பகுதிக்கு மேலே சில மணி நேரம் மிதக்கவிட்டுத் தொலை அகச்சிவப்பை அளக்கும் வேலையை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செய்திருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயர வறண்ட காற்றில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி அகச்சிவப்பின் குறுகிய ஓரத்தைப் பார்க்கிறது. கருவி கட்டியவருக்கே கருவியின் வேடம் புரியும். உணரி நிரம்பி வழிவதைக் கையால் தொட்டுப் பார்த்த தலைமுறை இல்லாமல் போனால், காப்பகத்தைச் சலிக்கிறவர்களும் நாளடைவில் ஏமாறத் தொடங்குவார்கள். காப்பகத்துக்குப் போடுகிறவரும் எடுக்கிறவரும் ஒரே சமூகமாக இருக்க வேண்டும். கொடைக்கானல் அதற்கு நம் வீட்டுச் சான்று: 1904 முதல் நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்து நூறாண்டாகச் சேர்த்தார்கள். இன்று அவற்றை எண்ணியல் படங்களாக்கி உலகுக்குத் திறந்திருக்கிறார்கள், சூரியனின் பழைய சுழற்சிகளை ஆராய்பவர்கள் பல நாடுகளிலிருந்து அதைத் தேடி வருகிறார்கள். அன்றைய இயக்குநர் எவர்ஷெட் காலத்து உதவியாளர் குளிரில் நின்று மாற்றிய தகட்டுக்கு 2020களின் கணினி நிரல் கேள்வி கேட்கிறது. கொடுக்காமல் எடுக்க மட்டுமே செய்கிறவர் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு இல்லை.

படமெடுத்தவரின் உழைப்பை முந்திக்கொண்டு பிறர் பறிப்பது நியாயமா என்றும் கேட்பதுண்டு. வெப்பின் நேரத்தை வென்ற குழுவுக்குப் பொதுவாக ஓராண்டு தனியுரிமை உண்டு, அதன்பிறகே தரவு பொது. அளகநந்தா அகப்பட்ட அன்கவர் போன்ற பெரும் ஆய்வுகளுக்கு அந்த ஓராண்டும் இல்லை. 2025 மார்ச் 11இல் நாசா ஏவிய ஸ்பியர்எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 20 சென்டிமீட்டர் ஆடிதான். ஹீலியமும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை, கூம்புக் கேடயங்களால் வெயிலையும் பூமியின் சூட்டையும் மறைத்து விண்வெளிக்கே வெப்பத்தை இறைத்துக் குளிர்கிறது, மேகமற்ற இரவில் கோத்தகிரியின் தேயிலைச் சரிவு குளிர்வதுபோலவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் 102 அகச்சிவப்பு நிறங்களில் படமெடுக்கிறது. எடுத்தவருக்கு முன்னுரிமைக் காலமே இல்லை. பதிவான அறுபது நாளுக்குள் தரவு வாரவாரம் பாசடீனாக் காப்பகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. தை மாத உறைபனி இரவில் அது எடுக்கும் ஒரு வானத்துண்டு, கருகிய செடிகளைக் கவாத்து செய்து முடிக்கும் பங்குனிக்குள் கோத்தகிரியிலும் திறக்கும்.